வெண்பா பழகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

யாப்பு கற்றுக்கொள்ள சாட்பாட் போதாதா, புத்தகம் எதற்கு என்று கேட்டிருந்தாய். இரண்டையும் வைத்துக்கொள், ஆனால் புத்தகம் முன்னே போகட்டும்.

'வானம் பார்த்தேன்' என்ற இரண்டு சீரும் வெண்பாவில் அடுத்தடுத்து வரலாமா? நீயே அலகிட்டுப் பார். வா-னம்: நேர் நேர், தேமா. பார்த்-தேன்: அதுவும் தேமா. மாவை அடுத்து நிரை வரவேண்டிய இடத்தில் நேர் வந்துவிட்டது, தளை தட்டுகிறது. 'வானம் கறுத்தது' என்று மாற்று. கறுத்-தது: நிரை நிரை, கருவிளம். தளை சரியாகிவிட்டது.

இதையே சாட்பாட்டிடம் கேட்டால் சில நேரம் சரியாகச் சொல்லும். சில நேரம் அதே உறுதியோடு தப்பாகவும் அலகிடும். அது நம்மைப் போல எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. சொற்களைத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, அடுத்து எது வரும் என்று கணித்துப் பேசுகிறது. அந்தத் துண்டுகள் அசை பிரியும் இடத்தில்தான் பிரியும் என்ற உறுதி இல்லை.

புத்தகத்தின் பலம் அதன் வரிசை. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாக ஏற்றிவிட்டுத்தான் பாவகைகளுக்கு அழைத்துப் போகிறது. சீரும் தளையும் கெடுகிற இடத்தில் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அலகு பெறா என்று அந்நூலின் ஒழிபியல் பகுதி தொடக்கத்திலேயே சொல்கிறது. அப்படியொரு விதி இருப்பதே தெரியாதவள் அதைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பாள்? கேட்கத் தெரியாததையும் புத்தகம் சொல்லித்தரும். காரிகை கடினமாகத் தோன்றினால் கி.வா.ஜகந்நாதனின் 'கவி பாடலாம்' நூலில் தொடங்கு.

காரிகைக்குக் குணசாகரர் எழுதிய உரையில் ஒரு வாக்கியம் பிடிபடாதபோது சாட்பாட்டிடம் எளிய தமிழில் விளக்கம் கேள். நீ அலகிட்டதைக் காட்டி, தப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லச் சொல். அது மறுத்தால் உடனே ஒப்புக்கொள்ளாதே. காரிகையைத் திறந்து பார்த்து, யார் சொன்னது சரி என்று நீ முடிவு செய். அந்தத் தேடலில் விதி மனத்தில் தங்கிவிடும். வெண்பாவை எழுதித் தரும்படி மட்டும் கேட்காதே.

தினமும் ஒரு வெண்பாவாவது எழுது. ஈற்றடி முச்சீராக நிற்கிறதா, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றா என்று கையால் அலகிட்டுப் பார். வாய்விட்டுப் படி. தளை தட்டினால் உன் காதே சொல்லும் நிலை வரும்வரை, அந்த வேலையை எந்தக் கருவியிடமும் ஒப்படைக்காதே.

அன்புடன்,
அண்ணன்