ஒவ்வாமை மாத்திரையும் அதன் அளவும்

அறுவடைக் காலத்து நெற்சுணையும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் கிராம மக்களுக்குத் தும்மலையும் கண் அரிப்பையும் தோல் தடிப்பையும் உண்டாக்குவது யாவரும் அறிந்ததே. உடனே கடைக்குச் சென்று, "அலர்ஜிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோம். ஒன்று என்பது எண்ணிக்கை, அளவு ஆகாது. மாத்திரையில் அடங்கிய மருந்தின் எடையே அளவு. அது மில்லிகிராம் கணக்கில் அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். சில்லறையாகக் கத்தரித்துத் தரும்போது அவ்வெழுத்துப் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

இன்று பெரிதும் வழங்குவது செட்டிரிசின். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. போதும், அதன் பயன் ஏறக்குறைய 24 மணி நேரம் நீடிக்கும். அரிப்பு அடங்கவில்லையென்று மாலையில் மற்றொன்றை உட்கொண்டால் மிகுவது உறக்கமே. இதன் உறவினமான லீவோசெட்டிரிசின் 5 மி.கி. மாத்திரையாக வருகிறது. எண் பாதியாயிருப்பதால் வலிமையும் பாதி எனக் கருதி இரண்டாக விழுங்குவோர் உளர். இதில் 5 மி.கி., அதில் 10 மி.கி.க்கு ஏறத்தாழ ஈடாகும் என்பதை அவர்கள் அறியார்.

பழைய மருந்தாகிய குளோர்பெனிரமின் உறக்கத்தை மேலும் மிகுவிப்பது. சளிக்கென விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இதுவும் கலந்திருக்கிறது. சளி மாத்திரையோடு ஒவ்வாமை மாத்திரையையும் உட்கொண்டவர் டிராக்டர் ஓட்டுவதும் கிணற்று மேட்டில் நின்று வேலை செய்வதும் ஆபத்து. மது அருந்தியவருக்குச் சொல்லவே வேண்டாம்.

குழந்தைகளுக்கான திரவ மருந்தில்தான் பிழை மிகுதி. ஒரு மகளிர் கூட்டத்தில், மருந்து ஊட்டும் கரண்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, 5 மி.லி. நீரை ஒவ்வொன்றிலும் ஊற்றிப் பார்த்தோம். சிலவற்றில் வழிந்தது, சிலவற்றில் பாதிக்கு மேல் எட்டவில்லை. புட்டியோடு வரும் அளவு மூடியே நம்பத்தக்கது. 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ள செட்டிரிசின் திரவமாயின், 2 முதல் 5 வயது வரை ஒரு வேளைக்கு 2.5 மி.லி.; 6 முதல் 11 வரை 5 மி.லி. முன்னவர்க்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யையும், பின்னவர்க்கு 10 மி.கி.யையும் மீறலாகாது. 2 வயதுக்குட்பட்டோர்க்கு மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுத்தல் கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோர்க்குப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கையை அச்சிடுமாறு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் பணித்தது.

முதியோர்க்கும் சிறுநீரகக் கோளாறு உடையோர்க்கும் மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதால் அளவைக் குறைக்க நேரும். அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுத் திணறுமாயின் மாத்திரையின் அளவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.