பாயைப் புரட்டிப் பார்த்து வாங்கு, தங்கச்சி

புது வீட்டு ஹாலுக்குக் கட்டமும் முக்கோணமுமாக டிசைன் போட்ட கைத்தறி விரிப்பு ஒன்று வேண்டும், எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எங்கே வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே போடப் போகிறாய் என்று முதலில் சொல். தரைக்கா, சுவருக்கா, மேசைக்கா? இதை முடிவு பண்ணாமல் கடைக்குள் கால் வைத்தால் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவாய். உன்னை எனக்குத் தெரியாதா!

நம்ம பக்கத்தில் இந்த வேலைப்பாட்டுக்குப் பேர் போனது தும்பறைப் பாய்தான். தும்பறை மலைத்தொடர் மாத்தளை மாவட்டத்திலும் பாதி, கண்டி மாவட்டத்திலும் பாதியாகக் கிடக்கிறது. நெசவாளர்களைத் தேடிப் போவதென்றால் வத்துகாமம் பக்கமாக இறங்கி, மெனிக்கின்னவுக்குக் கிட்ட இருக்கும் கலாசிறிகமவுக்குப் போகலாம். இந்த நெசவைக் காலங்காலமாகச் செய்து வருபவர்கள் கின்னர சமூகத்தார். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைவினையை ‘தும்பர ரட்டா களால’ என்ற பெயரில் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தின கதை அவ்வளவு மரியாதையானதல்ல. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: நேர்த்தியான பாய் நெய்கிறவர்கள், ஆனால் தலையில் எதுவும் அணியக்கூடாது என்று கட்டுப்பாடு. அரண்மனைக்குப் பாய் வேண்டும், நெய்தவர் தலையில் துணி கூடாது! ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வந்த தன் பெரிய சிங்களக் கலை நூலில் இந்த நெசவைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே அங்கே போய் மரக்கறிச் சந்தையில் பேசுகிற மாதிரிப் பாதி விலைக்குக் கேட்காதே.

விலை ஏன் அப்படி என்பது வேலையைப் பார்த்தால் விளங்கும். ‘ஹன’ என்கிற கற்றாழை போன்ற செடியின் நீண்ட மடலை வெட்டி, பலகையில் வைத்துச் சுரண்டிச் சதையை எடுத்தால் நார் மட்டும் மிஞ்சும். கழுவிக் காய வைத்ததும் வெளிர் நிறத்தில் மினுங்கும். அதைச் சீவிப் பிரித்துச் சாயம் காய்ச்சுவார்கள். பழைய முறையில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டை, மஞ்சளுக்கு வெனிவெல் என்கிற மரமஞ்சள் கொடி, கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் சேறும். இப்போது கடைச்சாயமும் நிறையப் பாவிக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள். ‘எல்லாமே இயற்கைச் சாயம்’ என்று சொல்லிப் பளிச்சென்ற ரோஸையும் நீலத்தையும் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

இனி முக்கியமான விஷயம். தும்பறை வேலையைக் காலடியில் போடாதே. அந்த நார் விறைப்பானது. மடித்த இடத்தில் முறியும், செருப்பு மண் உரசினால் பிசிறு கிளம்பும், தரை துடைக்கிற ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சோபாவுக்குப் பின் சுவரில் நீளவாக்கில் தொங்கவிடு. சாப்பாட்டு மேசைக்கு நடுவில் நீளவாக்கில் விரி, அல்லது குஷன் உறையாக வாங்கு. இன்றைக்கு நெசவாளர்களே பெரும்பாலும் சுவர்த் தொங்கல், குஷன் உறை, பை என்றுதான் செய்கிறார்கள். தரையில் மிதிபட வேண்டியது பருத்தி. அதற்கு லக்சல மாதிரிக் கடையிலும் கைத்தறி நிலையங்களிலும் தடித்த நூலில் நெய்த விரிப்புத் தேடு. தமிழ்நாட்டுப் பக்கம் யாராவது போய்வந்தால் பவானி ஜமக்காளம் ஒன்று கேட்டு வாங்கு. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு அது. அதில் கட்டத்தை விடப் பட்டைக் கோடுதான் அதிகம், ஆனால் உழைப்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் புரட்டிப் போடு. முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள், பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். நெய்த டிசைன் பின்னாலும் தெரியும். அதே மாதிரித் தெரியலாம், நிறம் மாறித் தெரியலாம், இல்லாவிட்டால் நூல் தாவித் தாவிப் போன தடமாவது இருக்கும். பின்பக்கம் வெளிறிப்போய், சாயம் அங்கங்கே ஊறியது மாதிரி இருந்தால் அது அச்சடித்த சரக்கு. பின்னால் ரப்பரோ பசையோ துணியோ ஒட்டி மறைத்திருந்தால் ஏன் மறைத்தார்கள் என்று கேள்.

அடுத்து, ஒரு சாய்ந்த கோட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார். கைநெசவில் சாய்கோடு வழுவழுவென்று ஓடாது, படிப்படியாக ஏறும். பாவு நூல் நேரே நிற்கிறது, ஊடை நூல் குறுக்கே போகிறது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு வளைவு போட இடமில்லை. அதனால்தான் தும்பறையில் யானை, மான், பாம்பு, பறவை எது வந்தாலும் மூலை முடுக்கோடு வருகிறது. துருக்கிக் கிலிம் விரிப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு நிறம் பாவு நூலோடு நெடுக நேராகச் சந்தித்தால் நடுவில் கீறல் மாதிரி இடைவெளி விழும். அது நீளாமல் இருக்கத்தான் அவர்கள் முக்கோணத்தையும் படிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்கள். டிசைன் அழகுக்காக மட்டும் பிறந்ததில்லை, தறியின் கட்டாயத்தில் பிறந்தது. வளைவும் சுழிவும்தான் பிடிக்கும் என்றால் அலுவிகாரைப் பக்கம் போ. 2015இல் காலமான எனா டி சில்வா அங்கே வளர்த்துவிட்ட பத்திக் வேலையில் மெழுகு ஓடுகிற இடமெல்லாம் கோடும் வளையும். ஆனால் பத்திக்கையும் கட்ட டிசைனையும் ஒரே சுவரில் மாட்டிச் சண்டை மூட்டிவிடாதே.

கைநெசவில் சின்னக் கோணல் இருக்கும். ஒரு முக்கோணத்தில் ஒரு படி கூடும், இன்னொன்றில் குறையும். அதை நான் பிழை என்று தள்ளமாட்டேன். கரை கோணினால் மட்டும் விடமாட்டேன். பருத்தி விரிப்பென்றால் நடுவில் மடித்து நான்கு மூலையும் பொருந்துகிறதா பார். நார் வேலையென்றால் மடிக்காமல் சுருட்டிப் பார், ஓரம் தொலைநோக்கி மாதிரி நீட்டிக்கொண்டு போனால் பாவு இழுவை சரியில்லை, தரையில் போட்டாலும் சுவரில் மாட்டினாலும் அது நெளிந்தே கிடக்கும். நகத்தால் நூலை மெல்ல ஒதுக்கிப் பார், லேசாக விலகி ஓட்டை விழுந்தால் நெசவு தளர்வு. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்பிலும் கறுப்பிலும் அழுத்தித் தேய். துணியில் நிறம் ஒட்டினால், வெளிர் நிறத் தரையில் அதைப் போடுகிற எண்ணத்தை மறந்துவிடு.

அளவுக்கு எல்லாரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். நீ பழைய பேப்பரை ஒட்டி ஆறுக்கு நான்கு அடி, எட்டுக்கு ஐந்து அடி என்று தரையில் விரித்து ஒரு நாள் அதன் மேலேயே நடந்து பார். சோபாவின் முன்கால்களாவது விரிப்பில் ஏறி நிற்க வேண்டும். நடு ஹாலில் தனியாகக் கிடக்கிற குட்டி விரிப்பு யாரோ மறந்துவிட்டுப் போன துவாய் மாதிரி இருக்கும். கதவு திறக்கும்போது அடியில் சிக்குமா என்றும் பார்.

உன் வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்துதானே? அதில் சிவப்பு கூடின விரிப்புப் போட்டால் டிசைன் தரையோடு கரைந்துவிடும். கறுப்பும் வெளிர் நிறமும் கலந்தது எடு. ஹால் சின்னது என்பதால் பெரிய கட்டமாக நான்கைந்து இருந்தால் போதும். பொடிப்பொடியாக நூறு முக்கோணம் இருந்தால் கண் களைத்துப் போகும். திரைச்சீலை கட்டமாக இருந்தால் விரிப்பில் கட்டம் வேண்டாம். அம்மாவின் அறைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறாய் என்றால் விரிப்புக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை போடாமல் விடாதே. அங்கே குஞ்சம் வைத்ததும் வேண்டாம், கால் விரலில் மாட்டும். வயசான காலத்தில் ஒரு தடவை வழுக்கினால் போதும்.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. பருத்தி விரிப்பை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டு, மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடு, ஒரே இடம் தேயாது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மழை பிடித்துக்கொள்ளும்போது நார் வேலையைச் சுவரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பார், ஈரச் சுவரென்றால் இடத்தை மாற்று. வெயில் வந்ததும் நிழலில் காற்றாட விடு, உச்சி வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். எடுத்து வைப்பதென்றால் டிசைன் வெளியே தெரியச் சுருட்டி, பழைய பருத்திச் சேலையில் சுற்று. பொலித்தீனில் கட்டாதே. கராம்பும் கறுவாப்பட்டையும் போட்டால் பூச்சி வராது என்று மாத்தளையில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். வாசனைக்குப் போடு, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கவும் செய்.

நெசவாளரிடம் நேரே சொல்லிச் செய்விப்பதென்றால் நீளம் அகலத்தை அங்குலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடு. நிறத்துக்குப் போன் படத்தைக் காட்டாதே, திரையில் ஒன்று தெரியும், நாரில் வேறொன்று வரும். உன் குஷன் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போ. தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லி வை, மழை வந்துவிட்டால் சாயம் போட்ட நார் காய நாளெடுக்கும்.