கோட் வந்ததும் சென்சரைக் கழற்றாதீர்கள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கராஜ்களில் வேலை பழகும் தம்பிமாருக்கு இப்போது கைநிறைய வேலை இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் சனம் இருந்த காரையே ஓட்டித் தேய்த்தது. வயதேறிய விட்ஸும் அல்டோவும் பிரியஸும் ஒரே முறைப்பாட்டோடு வருகின்றன: செக் இஞ்சின் லைட் எரியுது, பெற்றோல் கூடக் குடிக்குது, புகைப் பரிசோதனையில் பெயில். அந்தப் பரிசோதனையின் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால் வருகிறவருக்கு அவசரம். ஸ்கேனரைக் கொழுவினால் ஒட்சிசன் சென்சரின் பெயர் வருகிறது. உடனே அதைக் கழற்றி எறிகிறவர் பார்ட்ஸ் மாற்றுபவர். ஏன் வந்தது என்று பார்க்கிறவர்தான் பாஸ்.

சைலன்சர் குழாயில் திருகியிருக்கும் இந்தச் சென்சர், எரிந்த புகையில் மிஞ்சிய ஒட்சிசனை மோப்பம் பிடிக்கிறது. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு பிசகினால் இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சர்தான். பொஷ் நிறுவனம் 1976இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கெட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். முன்னது பெற்றோலைக் கட்டுப்படுத்தும். பின்னது கொன்வேர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும்.

இனி ஸ்கேனர் காட்டும் கோட். பி0135 என்றால் முன் சென்சரின் ஹீட்டர், பி0141 என்றால் பின் சென்சரின் ஹீட்டர். முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு சாவியைப் போட்டு, கொனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். நான்கு வயர் சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருடையவை. அவற்றுக்கிடையே சில ஓம் காட்ட வேண்டும். மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போது மாற்றலாம், தயங்க வேண்டாம்.

பி0171 வேறு கதை. காற்று கூடிவிட்டது என்று சென்சர் சொல்கிறது, அவ்வளவுதான். வெடித்த வெக்கியூம் ஹோஸ், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எப் சென்சரில் ஏறிய அழுக்கு, களைத்துப்போன பெற்றோல் பம்ப், சென்சருக்கு முன்னால் சைலன்சரில் விழுந்த ஓட்டை என எதுவானாலும் இந்தக் கோட் வரும். உண்மை சொன்ன சாட்சியை ஜெயிலில் போடுகிற மாதிரிதான் இங்கே சென்சரை மாற்றுவது.

சாட்சி பொய் சொல்கிறதா என்று பார்ப்பது கஷ்டமில்லை. இஞ்சினைச் சூடாக்கி, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறவுங்கள். பழைய சேர்க்கோனியா வகை முன் சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெக்கியூம் ஹோஸ் ஒன்றைக் கழற்றினால் வோல்ட் விழ வேண்டும். காற்று உள்ளே போகும் வாயில் கொஞ்சம் காபரேற்றர் கிளீனர் அடித்தால் ஏற வேண்டும். சட்டென்று ஏறி இறங்கினால் சென்சர் நல்லது. பிழையை வேறெங்காவது தேடுங்கள். பின் சென்சர் துள்ளக் கூடாது, ஏறத்தாழ நிலையாக நிற்க வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. பிரியஸ் போன்ற பல டொயோட்டாக்களில் முன்னால் இருப்பது ஏ/எப் (காற்று-பெற்றோல் விகித) சென்சர். பார்வைக்கு அதே உருவம், வேலை செய்யும் விதம் வேறு. 3.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், துள்ளாது. துள்ளவில்லையே என்று நல்ல சென்சரை மாற்றிவிட்டால் காசு கஷ்டமருடையது, கெட்ட பெயர் உங்களுடையது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடவும் முடியாது. பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிட்டே வாங்குங்கள். பெட்டியில் அச்சடித்த பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

நமது கடலோரத்தில் உப்புக்காற்று கொனெக்டரைப் பச்சை பிடிக்க வைக்கும். அதைத் திறந்து பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

மாற்றும் நாளில், கை வைக்கக்கூடிய சூட்டில் செய்யுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் விட்டு, பக்கம் பிளந்த 22 மில்லிமீற்றர் சொக்கற்றால் கழற்றுங்கள். புதியதன் மரையில் பெரும்பாலும் கிறீஸ் பூசப்பட்டே வரும். அது நுனியில் படக் கூடாது. முதல் சுற்றுகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். பிறகு ஏறத்தாழ 40 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். பக்கத்தில் எங்கேயும் சாதாரண சிலிக்கோன் பசை பூசாதீர்கள், அதன் ஆவி சென்சரைக் கொல்லும். கோட்டை அழித்து, ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள்.

காசு விஷயத்தில் வெட்கம் வேண்டாம். “காக்கா, செக் பண்ண இவ்வளவு, மாத்தினா இவ்வளவு” என்று முதலிலேயே பிரித்துச் சொல்லுங்கள். மாற்றாமலே சரிசெய்த நாளிலும் கண்டுபிடித்ததற்குக் கூலி உண்டு.

பயிற்சி நெறி எதற்கும் போகாமல் கராஜிலேயே தொழில் பழகியவர்களுக்கும் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கிடைக்க வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். கட்டாருக்கோ சவூதிக்கோ போக நினைப்பவருக்கு இது உதவும். மதிப்பீட்டில் அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும். ஒரு கொப்பி வாங்கி, வந்த கார், காட்டிய கோட், அளந்த வோல்ட், கடைசியில் பிடித்த காரணம் என்று இன்றைய வேலையிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.