நம் பிளாட்பாரத்துக்கு நம் மனிதர்கள்: மாடல் ரயிலுக்கான குட்டி உருவங்களை ஏஐ துணையோடு செய்வது எப்படி?

நீலகிரி மலை ரயிலின் ஒரு நிலையத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளம் பதித்தாயிற்று, நீலமும் கிரீமுமான பெட்டிகள் தயார், எக்ஸ் வகை நீராவி எஞ்சினும் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் யாரை நிறுத்துவது? பிரைசர், நோக் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் உருவங்கள் நேர்த்தியானவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலோர் ஓவர்கோட்டும் தொப்பியும் அணிந்த ஐரோப்பியப் பயணிகள். முந்தானையை இழுத்துச் செருகிய அம்மாவும், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவரும், குரங்குக் குல்லாய் போட்ட பையனும் அந்தப் பெட்டிகளுக்குள் கிடைப்பது அரிது.

இதுவரை இதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருந்தன. புட்டிக் களிம்பில் கையால் செதுக்க வேண்டும், அல்லது கணினியில் சிற்பம் செய்யப் பல மாதம் பழக வேண்டும். இப்போது ஏஐ கருவிகள் எழுத்திலிருந்து படத்தையும், படத்திலிருந்து முப்பரிமாண உருவத்தையும் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன. ஆனால் கொசுவம் எப்படி விழும், சுமை தூக்குபவரின் முதுகு எப்படி வளையும் என்பதை அவை சரியாகச் செய்யும் என்று நம்பிவிட முடியாது. அதைச் சரிபார்க்க வேண்டியது நம் கண்தான். அந்தக் கண்ணை எந்தப் படியில், எதற்குப் பயன்படுத்துவது என்பதே இந்தக் கட்டுரை.

தேவையானவை

படம் வரையும் ஏஐ ஒன்று (சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை போதும்). படத்தை முப்பரிமாணமாக்கும் ஏஐ ஒன்று. உருவத்தைத் திருத்த இலவச மென்பொருளான பிளெண்டர். அச்சிட ரெசின் 3டி பிரிண்டர், அல்லது ரெசினில் அச்சிட்டுத் தரும் ஒரு கடை. இழை உருக்கி அச்சிடும் பிரிண்டரில் வழக்கமாக இருக்கும் 0.4 மி.மீ. முனை, எச்ஓ (1:87) அளவு முகங்களுக்குப் போதாது.

படி 1: அளவைக் கணக்கிடுங்கள்

ஒருவரின் உயரத்தை மி.மீட்டரில் எழுதி, உங்கள் லேஅவுட்டின் (மாடல் ரயில் அமைப்பின்) அளவுவிகிதத்தால் வகுங்கள். 1.60 மீட்டர் உயரமுள்ளவர் இப்படிச் சுருங்குவார்:

- ஓ (1:45): 35.6 மி.மீ.
- ஓஓ (1:76): 21 மி.மீ.
- எச்ஓ (1:87): 18.4 மி.மீ.
- என் (1:160): 10 மி.மீ.

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். எச்ஓ விகிதத்தில் அதற்குப் பொருந்துவது 12 மி.மீ. தண்டவாளம். எனவே இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் எச்ஓ-வுக்கானவை.

உயரத்தைவிட முக்கியம் தடிமன். 25 மி.மீ. தடிமனுள்ள கொடிக்கம்பு எச்ஓ-வில் 0.3 மி.மீ. கூட இருக்காது, தொட்டாலே ஒடியும். ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள சேலை மடிப்பு 0.1 மி.மீ. ஆகி, பெயிண்ட்டுக்கு அடியில் மறைந்துபோகும். ஆகவே மெல்லியதைத் தடிப்பாக்க வேண்டும், மேலோட்டமானதை ஆழமாக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இது உதவும்.

படி 2: யாரைச் செய்யப்போகிறோம் என்று முடிவுசெய்யுங்கள்

"ஒரு பயணி" என்று தொடங்கினால் உயிரில்லாத பொம்மைதான் வரும். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மலை ரயிலில் அதற்கு அருமையான ஆள் பிரேக்ஸ்மேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடி தூரத்துக்கு ஓர் அடி ஏற்றம் இருப்பதால், பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அதனால் பெட்டிகளின் முகப்புத் திண்ணையில் பிரேக்ஸ்மேன்கள் நின்று, கொடி காட்டியும் கைப்பிரேக்கைத் திருகியும் வண்டியைக் காக்கிறார்கள். அவர் இல்லாத நீலகிரி லேஅவுட் முழுமையாகாது.

செய்யப்போகிறவரைப் பற்றி நான்கு குறிப்புகள் எழுதிக்கொள்ளுங்கள்: உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது, கைகள் எதைப் பிடித்திருக்கின்றன, கண் எங்கே பார்க்கிறது, உடை எப்படி விழுகிறது. நிலையத்துக்குப் போய்ப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. முன்பின் அறியாதவரைப் படமெடுத்து அவர் முகத்தையே உருவமாக்க வேண்டாம். நிற்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முகத்தை ஏஐ கற்பனையாகத் தரட்டும். கடையில் விற்கும் ஓர் உருவத்தைப் படமெடுத்து நகல் செய்வதும் கூடாது. அது இன்னொருவரின் உழைப்பு.

படி 3: படத்தைக் கேளுங்கள்

கேட்கும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நம் உடையின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, துணி உடலில் போகும் வழியையும் சொல்ல வேண்டும். "சும்மாடு" என்றால் கருவிக்குப் புரியாமல் போகலாம். "துண்டை வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் பெட்டி" என்றால் புரியும். ஒரு மாதிரிக் கட்டளை:

"ஒரே ஒரு ஆள், தலை முதல் பாதம் வரை முழு உருவம். ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண். ஆறு கஜச் சேலை. கொசுவம் இடுப்பின் முன்பக்கம் செருகியிருக்கிறது. முந்தானை இடது தோள்மேல் போய், முதுகைச் சுற்றி வலப்பக்கமாக முன்னால் வந்து இடுப்பில் செருகப்பட்டுள்ளது. தலையில் கொண்டை. வலது கையில் துணிப்பை, காலோடு ஒட்டியபடி. இடது கை இடுப்பில். எடை வலது காலில். இரண்டு பாதமும் தரையில். துணியில் பூவோ கட்டமோ வேண்டாம். மடிப்புகள் குறைவாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். களிமண் சிலை போல ஒரே சாம்பல் நிறம். வெற்றுப் பின்னணி, நிழலில்லாத சீரான வெளிச்சம், கண் மட்டத்திலிருந்து நேர் முன்பார்வை."

துணியில் பூவும் கட்டமும் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. முப்பரிமாணக் கருவி அந்த வடிவங்களை மேடுபள்ளம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். கை, பை, கொடி எல்லாம் உடலை ஒட்டியிருந்தால் அச்சிலும் உடையாது.

முன்பக்கம் திருப்தியாக வந்ததும், அதே ஆளின் பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முதுகை அடுத்த கருவி தானாகக் கற்பனை செய்யும். முந்தானையும் கொண்டையும் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

படி 4: படத்தைச் சோதியுங்கள்

அடுத்த படிக்குப் போகுமுன் இவற்றைப் பாருங்கள்:

- முந்தானை இடது தோளில்தான் இருக்கிறதா? படம் இடவலம் மாறியிருந்தால் இதில் தெரிந்துவிடும்.
- கொசுவம் இருக்கிறதா, அல்லது சேலை கவுன் போலத் தைத்த உடையாகிவிட்டதா?
- வேட்டி, வேட்டியாகவே இருக்கிறதா? பாவாடை போலவோ தொளதொள கால்சட்டை போலவோ மாறியிருக்கிறதா?
- போர்ட்டரின் சட்டைக் கையில் பித்தளை வில்லைக்கு இடம் இருக்கிறதா?
- உடல் சாதாரண மனிதருடையதா, அல்லது விளம்பர மாடலுடையதா? ஏஐ எல்லோரையும் இளைஞர்களாகவும் ஒல்லியாகவும் வரையப் பார்க்கும். தொப்பையையும் கூனலையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

விரல்களின் எண்ணிக்கைக்காகப் படத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்ல வேண்டாம். எச்ஓ-வில் ஒரு விரல் 0.2 மி.மீ.தான். உள்ளங்கையின் வடிவம் சரியாக இருந்தால் போதும்.

படி 5: முப்பரிமாணமாக்குங்கள்

மெஷி, டிரிப்போ போன்றவை இணையத்திலேயே இயங்குபவை, கணக்குத் தொடங்கியதும் பயன்படுத்தலாம். டென்சென்ட்டின் ஹுன்யுவான்3டி, மைக்ரோசாஃப்ட்டின் டிரெல்லிஸ் ஆகியவற்றைத் திறன்மிக்க கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். பல கோணப் படங்களை ஏற்கும் வசதி இருந்தால் நான்கு படங்களையும் கொடுங்கள்.

ஒரே படத்துக்கு மூன்று நான்கு உருவங்களை வரவழைத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்யும்போது வண்ணப் பூச்சை அணைத்துவிடுங்கள், வண்ணம் குறைகளை மறைக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் பின்னாலிருந்தும் சுற்றிப் பாருங்கள். முகத்தைவிட உடலின் வெளிக்கோடு முக்கியம். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவர் ஓர் ஆளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான்.

இலவசத் திட்டத்தில் செய்பவை பொதுவில் வைக்கப்படலாம், விற்பனைக்குக் கட்டுப்பாடும் இருக்கலாம். உருவங்களை விற்க எண்ணுபவர்கள் உரிம விதிகளை முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிளெண்டரில் திருத்துங்கள்

நேரம் அதிகம் தேவைப்படும் படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

1. உருவத்தைத் திறந்து, இறுதி அளவைப் போலப் பத்து மடங்கு, அதாவது 1.60 மீட்டர் ஆளுக்கு 184 அலகு உயரம் இருக்குமாறு மாற்றுங்கள்.
2. ரீமெஷ் வசதியில் வாக்ஸெல் அளவை 0.5 என்று வைத்து இயக்குங்கள். சிறு ஓட்டைகளும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பரப்புகளும் பெரும்பாலும் சேர்ந்து ஒரே தோலாகிவிடும். தனியே மிதக்கும் துணுக்குகள் இருந்தால் அழித்துவிடுங்கள்.
3. சிற்பப் பகுதியில் இன்ஃப்ளேட் தூரிகையால் மணிக்கட்டு, கணுக்கால், பையின் கைப்பிடி ஆகியவற்றைத் தடிப்பாக்குங்கள். இந்தப் பெரிய அளவில் எதுவும் 4 அலகுக்குக் குறையக் கூடாது. அச்சில் அது 0.4 மி.மீ. ஆகும்.
4. கிரீஸ் தூரிகையால் கொசுவ மடிப்பையும், கழுத்துக்கும் ரவிக்கைக்கும் இடையிலான கோட்டையும் ஆழப்படுத்துங்கள். பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது தூரிகைக்கு வழிகாட்டுவது இந்தக் கோடுகள்தான்.
5. பிரேக்ஸ்மேனின் கொடிக்கம்பை நீக்கிவிட்டு, கையில் சிறு துளை விடுங்கள். அச்சிட்ட பிறகு மெல்லிய பித்தளைக் கம்பியும் காகிதக் கொடியும் செருகலாம்.
6. எஸ்டிஎல் கோப்பாகச் சேமியுங்கள்.

படி 7: சரியான அளவில் அச்சிடுங்கள்

எஸ்டிஎல் கோப்பில் அலகு எதுவும் பதிவாவதில்லை. சிட்டுபாக்ஸ், லிச்சி போன்ற ஸ்லைசர்கள் (உருவத்தை அச்சு அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருள்கள்) அதிலுள்ள அளவுகளை மி.மீட்டராக எடுத்துக்கொள்ளும். எனவே அங்கே 10 சதவீதமாகக் குறைத்தால் சரியான உயரம் கிடைக்கும். உயர்த்திய கையோ தலைச்சுமையோ இருந்தால், ஸ்லைசர் காட்டும் மொத்த உயரத்தை ஆளின் உயரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சந்தலை வரை மட்டும் அளவிடுங்கள். உட்கார்ந்திருப்பவரையும் நின்றால் எவ்வளவு இருப்பார் என்பதை வைத்தே சுருக்க வேண்டும்.

அடுக்கின் தடிமன் 0.03 மி.மீ. போதும். உருவத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாங்குகால்களை முதுகிலும் பாதத்தின் அடியிலும் மட்டும் மெல்லிய முனையோடு வையுங்கள். முகத்தில் ஒன்றுகூட வேண்டாம். ரெசின் பிரிண்டரில் நேரம் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. ஒருவருக்கு ஆகும் நேரத்திலேயே தட்டு கொள்ளும் அத்தனை பேரையும் அச்சிடலாம். சற்று வளைந்துகொடுக்கும் ரெசினைக் கலந்தால் கைகள் எளிதில் ஒடியாது.

கெட்டிப்படாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். நைட்ரைல் கையுறை அணியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, முழுதாகக் காய்ந்த பின் புற ஊதா ஒளியில் சில நிமிடம் வையுங்கள். நேரம் மிகுந்தால் உருவம் நொறுங்கும் தன்மை பெறும். கழுவிய ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதைச் சாக்கடையிலும் ஊற்றக் கூடாது.

படி 8: வண்ணம் பூசுங்கள்

முதலில் மெல்லிய சாம்பல் பிரைமர். பிறகு நீர் கலந்த அக்ரிலிக், இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக.

தோலுக்கு ஒரே பழுப்பை எல்லோருக்கும் அடிக்காதீர்கள். நான்கைந்து கலவைகள் செய்து வைத்து ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். மூக்கு, கன்னமேடு, புறங்கை ஆகிய இடங்களில் ஒரு சாயல் வெளிர் நிறம் தொட்டால் முகம் எழுந்து நிற்கும். கண் வரைய வேண்டாம், புருவ நிழல் போதும்.

சிறு உருவத்தில் நிறங்கள் அடர்த்தியாகத் தெரியும். கறுப்புக்குப் பதில் அடர் சாம்பல், வெள்ளை வேட்டிக்கு மங்கிய தந்த நிறம் என்று ஒரு படி தணியுங்கள். 5 செ.மீ. ஜரிகைக் கரை எச்ஓ-வில் 0.6 மி.மீ. கோடு. அதற்குப் பளபளக்கும் பொன் பெயிண்ட்டைவிடக் காவி கலந்த மஞ்சள் இயல்பாக இருக்கும். கடைசியாக மினுக்கமற்ற வார்னிஷ் அடித்து முடியுங்கள்.

படி 9: நிலையத்தில் குடியமர்த்துங்கள்

பாதத்தில் மெல்லிய கம்பியைச் செருகி, பிளாட்பாரத்தில் துளையிட்டு நிறுத்துங்கள். அடியில் வட்டத் தட்டு இருக்கக் கூடாது. ஆட்களைச் சம இடைவெளியில் வரிசையாக நிறுத்தாமல், குடும்பமாகவும் இருவர் மூவராகவும் சேருங்கள். மூட்டைமேல் ஒருவர் உட்காரட்டும். ஒரே உருவத்தை மூன்று இடங்களில் வைக்கிறீர்கள் என்றால், சேலையின் நிறத்தையும் நிற்கும் திசையையும் மாற்றினால் போதும், வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

தொடங்குபவர்களுக்கு

முதலில் கைகளை உடலோடு வைத்து நிற்கும் ஒரே ஒருவரைச் செய்து, வண்ணம் வரை முடித்துவிடுங்கள். அதன் பிறகு பிரேக்ஸ்மேன், அதன் பிறகு தலைச்சுமையோடு போர்ட்டர். ஒவ்வொருவருக்கும் கட்டளை வாசகம், நான்கு படங்கள், திருத்திய கோப்பு, அளவுவிகிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேமித்து, ஆளின் தொழிலையும் ஊரையும் பெயராக இடுங்கள். அதே பொழுதுபோக்கில் இருக்கும் நண்பர்களோடு பரிமாறிக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு ஒருவர் செய்தால், பாம்பனுக்கு இன்னொருவர், எழும்பூருக்கு மற்றொருவர் செய்யலாம். எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் வரைபடங்கள் உண்டு. அவற்றை இயக்கியவர்களும் அவற்றில் பயணம் செய்தவர்களும் எப்படி நின்றார்கள், எப்படிச் சுமந்தார்கள் என்பதற்கு அப்படிப்பட்ட வரைபடம் இல்லை. பார்த்த நாமே அதைச் செய்து வைக்க வேண்டும். இன்று அதற்கான கருவிகள் நம் மேசைக்கே வந்துவிட்டன.