வாங்காமல் போன வண்டி சொல்லும் பாடம்



"அப்பவே ஒரு வண்டி வாங்கியிருக்கலாம்!" குழுக் கூட்டங்களில் இந்த ஏக்கத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

2018-ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலையை மானியமாகக் கொடுத்தது. அதிகபட்சம் 25,000 ரூபாய். ஓட்டுநர் உரிமம் கேட்டார்கள். "பொம்பளைக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று தள்ளிப்போட்ட வீடுகளில் வாய்ப்பு கைநழுவியது. இப்போது அந்தத் திட்டம் இல்லை.

வண்டி ஆடம்பரம் அல்ல. கடைசி பஸ் போன பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதன் அருமை தெரியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கப் பெண்கள், சொந்த சைக்கிள் இல்லாமலேயே வாடகை சைக்கிளில் ஓட்டக் கற்றார்கள். கற்றது கையோடு நின்றது.

போனதை நினைத்து வருந்துவதை விட, நாம் செய்ய வேண்டியவை:

1. 18 வயது நிரம்பியவர்கள் எல்.எல்.ஆர். எடுங்கள். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி லைசென்ஸ் பெறலாம்.

2. கடன் வாங்குமுன் தவணையோடு பெட்ரோல், இன்சூரன்ஸ் செலவையும் கூட்டுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பொறுங்கள், அது நஷ்டமல்ல.

3. வாங்கினால் ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் எத்தனை பேரிடம் லைசென்ஸ் இருக்கு?