‘முடிஞ்சுதா?’ன்னு முதல்ல கேட்காதே!

வேளச்சேரி பிராஞ்ச்ல ஃபீல்டு டீம் பொறுப்பு உன்கிட்ட வந்திருக்குன்னு சொன்னே. சந்தோஷம்டி. ஏ.சி. சர்வீஸ், வாட்டர் ப்யூரிஃபையர், இன்டர்நெட் கனெக்‌ஷன்னு உன் ஆளுங்க மடிப்பாக்கத்துல ஒருத்தர், பெருங்குடியில ஒருத்தர்னு தனித்தனியா வெயில்ல சுத்துவாங்க. நீ கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பே. நானும் இந்த வேலையிலதான் தலை நரைச்சவ. அந்த உரிமையில சொல்றேன், கேட்டுக்கோ.

ஹெல்மெட் வாங்கித் தர்றது, சுவத்துல போஸ்டர் ஒட்டுறது, ஜனவரி வந்தா சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கிறது எல்லாம் எந்த கம்பெனியும் செய்யும். உன் டீம் பத்திரமா இருக்கா இல்லையாங்கிறது நீ போன்ல கேட்கிற முதல் கேள்வியில தெரிஞ்சுடும். எடுத்த எடுப்புல “முடிஞ்சுதா?”ன்னு கேட்டா, எப்படியாவது முடிக்கணும்னு அந்தப் பையன் எடுத்துப்பான். “எங்கப்பா இருக்கே, இடம் எப்படி இருக்கு?”ன்னு கேட்டுப் பாரு. “சரியில்ல மேடம், ஏணி நிக்க இடமே இல்ல”ன்னு சொல்ல அவனுக்கு வாய் வரும்.

திரும்பி வந்தவனுக்கும் காசு உண்டு

வேலை முடிக்காம திரும்பி வந்தா அன்னிக்கு இன்சென்டிவ் கிடையாதுங்கிற விதி உங்க ஆபீஸ்லயும் இருக்கும். முதல்ல அதை மாத்து. பணம் போகும்னு தெரிஞ்சா எவனும் “இங்க ஆபத்து”ன்னு சொல்ல மாட்டான்.

ஏ.சி. அவுட்டோர் யூனிட்டையே எடுத்துக்கோ. நம்ம பக்கத்து அப்பார்ட்மென்ட்ல பாதிப் பேர் அதை சன்ஷேடு மேல வெச்சிருப்பாங்க. ரெண்டாவது மாடி ஜன்னல் வழியா இறங்கி, ஒண்ணரை அடி சிமென்ட் பலகை மேல நின்னுதான் கேஸ் சார்ஜ் பண்ணணும். பழைய கட்டடம்னா உள்ள கம்பி துருப்பிடிச்சு, சன்ஷேடு அடிப்பக்கம் காரை உதிர்ந்திருக்கும். கீழ நின்னு அண்ணாந்து பார்த்தாலே தெரியும், ஆனா யாரும் பார்க்கிறதில்லை. நேரா மாடிக்குப் போய் கயித்தை எடுத்து ஜன்னல் கிரில்ல கட்டிக்கிறாங்க. அந்த கிரில் நாலு ஸ்க்ரூவுல நிக்குது! கயித்தை ஒரு கான்கிரீட் தூண்லதான் கட்டணும். இடுப்புல மட்டும் மாட்டுற பெல்ட் வேண்டவே வேண்டாம். விழும்போது மொத்த எடையும் வயித்துலயும் முதுகெலும்புலயும்தான் இறங்கும். தோள், தொடை எல்லாம் சுத்தி வர்ற முழு ஹார்னஸ் வாங்கு. சன்ஷேடு வேலைன்னா ரெண்டு பேரா அனுப்பு. தூணும் இல்ல, சன்ஷேடும் விரிசல்னா, சாரம் கட்டித் தந்தாத்தான் வேலைன்னு கஸ்டமர்கிட்ட நீயே பேசு. அந்தப் பேச்சை பையன் தலையில கட்டாதே. இருபது வயசுப் பையன் ஃபிளாட் ஓனர்கிட்ட “முடியாது சார்”னு சொல்ல எவ்வளவு கூச்சப்படுவான்னு உனக்கே தெரியும்.

மழைக்கு முன்னாடியே முடிவு பண்ணு

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னைக்கும் சுத்தியிருக்கிற மாவட்டங்களுக்கும் அரசு பொது விடுமுறை விட்டிருந்துச்சு. அன்னிக்குக் காலையில நம்ம வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில, கட்டடத்துக்காக ஐம்பது அடிக்கு மேல தோண்டி வெச்சிருந்த பள்ளத்தோட ஓரம் சரிஞ்சுது. பக்கத்துல இருந்த தற்காலிக அறையும் உள்ள போயிடுச்சு. சிலரை மீட்டாங்க, ரெண்டு பேரை முடியலை. ஒருத்தர் பக்கத்து கேஸ் பங்க்ல வேலை பார்த்தவர், இன்னொருத்தர் சைட் இன்ஜினியர். தண்ணியை இறைச்சு இறைச்சு, டிசம்பர் 8-ம் தேதிதான் உடல்களை எடுக்க முடிஞ்சுது. ஊருக்கே லீவு விட்ட நாள்லயும் வேலை இடத்துல யாராவது இருந்துட்டுதான் இருக்காங்க.

அதனால மழை கொட்டும்போது உட்கார்ந்து யோசிக்காதே, செப்டம்பர்லயே எழுதி வெச்சுடு. ரெட் அலர்ட்னா யாரும் வெளியே போகக் கூடாது, சம்பளம் உண்டு. ஆரஞ்சுன்னா ஆஸ்பத்திரி மாதிரி அவசர கால் மட்டும், அதுவும் ரெண்டு பேரா. ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், விஜயநகர் உள்தெருக்கள் எல்லாம் தண்ணி நிக்கிற இடம்னு 2015 வெள்ளத்துலயே பார்த்தாச்சு. அந்தத் தெருக்களோட பேரை மேப்ல சிவப்புல போட்டு வை. கணுக்காலுக்கு மேல தண்ணி இருந்தா வண்டியைத் திருப்பிடணும், என்னைக் கேட்க வேண்டாம்னு இப்பவே சொல்லிடு. ‘என்னைக் கேட்க வேண்டாம்’ங்கிறதைத்தான் அழுத்திச் சொல்லணும். மேடத்தோட பர்மிஷனுக்காக அவன் தண்ணியிலயே நின்னுட்டிருக்கக் கூடாது.

தெருவோரத்துல நிக்கிற பில்லர் பாக்ஸ் பக்கத்துல தண்ணி தேங்கியிருந்தா அந்தப் பக்கமே போகக் கூடாது. 2017 நவம்பர்ல கொடுங்கையூர்ல தேங்கின மழைத்தண்ணியில ஷாக் அடிச்சு ரெண்டு சின்னப் பொண்ணுங்க செத்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். 2025 ஆகஸ்ட்ல கண்ணகி நகர்ல, விடியற்காலையில வேலைக்குக் கிளம்பின தூய்மைப் பணியாளர் ஒருத்தர் அதே மாதிரி தண்ணியில கால் வெச்சு இறந்துட்டாங்க. உன் டீம் போற ஏரியாதான் அது. மின்கசிவு பார்த்தா மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், 94987 94987. எல்லார் போன்லயும் சேவ் ஆகியிருக்கான்னு நீயே வாங்கிப் பாரு.

‘போயிட்டேன், வந்துட்டேன்’

லண்டன்ல சூஸி லாம்ப்ளூன்னு ஒரு பொண்ணு. வீடு வாங்க விக்க உதவுற ஏஜென்சியில வேலை. 1986 ஜூலை 28 மதியம், ‘மிஸ்டர் கிப்பர்’னு டைரியில எழுதி வெச்சுட்டு, ஒரு கஸ்டமருக்கு வீடு காட்டக் கிளம்பினாங்க. இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை. ஆபீஸ்ல சந்தேகப்பட்டு போலீஸுக்குச் சொன்னப்போ சாயங்காலமே ஆயிடுச்சு. அவங்க குடும்பம் அதே வருஷம் ஆரம்பிச்ச அறக்கட்டளைதான், தனியா வேலைக்குப் போறவங்க பாதுகாப்பைப் பத்தி அந்த நாட்டையே பேச வெச்சுது.

நம்மகிட்ட இப்போ லைவ் லொகேஷனே இருக்கேன்னு சொல்லுவே. இருக்கு, யார் பார்க்கிறாங்க? வாட்ஸ்அப் குரூப்ல விழுற மெசேஜை எல்லாரும் பார்த்தா யாருமே பார்க்கலைன்னுதான் அர்த்தம். தினமும் ஒருத்தர் பேரை எழுதிப் போடு, இன்னிக்கு கவனிக்க வேண்டியது இவங்கன்னு. உள்ள போகும்போது ‘போயிட்டேன்’, வெளிய வந்ததும் ‘வந்துட்டேன்’. சொன்ன நேரம் தாண்டி கால் மணி ஆச்சுன்னா ஒரு போன். எடுக்கலைன்னா கஸ்டமர் நம்பருக்கு. அங்கயும் எடுக்கலைன்னா கிட்டத்துல இருக்கிற நம்ம ஆள் ஒருத்தர் நேர்ல போகணும், நீ 112-க்குச் சொல்லணும். எத்தனையோ தடவை சும்மாதான் இருக்கும். போன்ல சார்ஜ் போயிருக்கும். அதுக்காக அவனைத் திட்டினே, அடுத்த தடவை நிஜமாவே ஆபத்துன்னாலும் உனக்குச் சொல்லத் தயங்குவான்.

பொண்ணுங்களுக்கு ஒரு ரகசிய வாக்கியம் பேசி வெச்சுக்கோ. “அக்கா, என் பில் புக் டேபிள்ல இருக்கா?”ன்னு போன் வந்தா, அந்த வீட்டுல ஏதோ சரியில்லன்னு அர்த்தம். நீ உடனே, “ஆமா, அவசரமா வேணும், கிளம்பி வா”ன்னு சொல்லணும். காரணம் எல்லாம் வெளிய வந்த பிறகு கேட்டுக்கலாம்.

கஸ்டமர் வீடும் ஆபீஸ்தான்

வேலை இடத்துல பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ஏ.சி. ரூம் ஆபீஸ்ல இருந்து இல்ல. ராஜஸ்தான்ல பன்வாரி தேவின்னு, கிராமம் கிராமமா நடந்து குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்த ஒரு அரசுத் திட்டக் களப்பணியாளர். அந்த வேலையைச் செஞ்சதுக்காகவே 1992-ல அவங்களைக் கூட்டு பலாத்காரம் பண்ணினாங்க. அதை ஒட்டிப் போட்ட வழக்குலதான் 1997-ல உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைக் கொடுத்துச்சு, 2013-ல சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்துல, வேலை நிமித்தமா போற எந்த இடமும், கம்பெனி ஏற்பாடு பண்ற வண்டியும்கூட பணியிடம்தான். அதனால “கஸ்டமர் வீட்டுல நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது?”ன்னு உங்க ஹெச்.ஆர். கைவிரிக்க முடியாது. புகார் குழுவோட போன் நம்பரை ஐ.டி. கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சுக் கொடு. தொல்லை பண்ணின கஸ்டமர் நம்பரை சிஸ்டம்ல பிளாக் பண்ணு. ‘ஆம்பளை டெக்னீஷியனை மாத்தி அனுப்பலாம்’னு யாராவது சமாதானம் சொல்வாங்க, ஒத்துக்காதே.

இதையும் சொல்லிடறேன், யாரும் சொல்ல மாட்டாங்க. ஃபீல்டுக்குப் போற பொண்ணுங்க தண்ணியே குடிக்கிறதில்லை, பாத்ரூம் போக இடம் இல்லாததால. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை போட்டுக்கிட்டே வேலைக்கு வருவாங்க. வேளச்சேரி ரயில்வே ஸ்டேஷன், பெட்ரோல் பங்க், மால், ஆஸ்பத்திரின்னு அவங்க ரூட்ல சுத்தமா இருக்கிற இடங்களை அவங்களையே கேட்டு ஒரு லிஸ்ட் போடு. அடுத்தடுத்த காலுக்கு நடுவுல அதுக்கு நேரம் விடு.

கரன்ட், வெயில், நாய்

மின்வாரிய ஆளுங்க லைன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ‘எல்.சி.’ வாங்குவாங்க, லைன் கிளியர். யார் வாங்கினாங்களோ அவங்க திருப்பிக் கொடுத்தாத்தான் கரன்ட் விடணும். நம்ம பசங்க வீட்டு எம்.சி.பி.யை இறக்கிட்டு வேலையை ஆரம்பிச்சுடறாங்க. “ஏன் ஃபேன் ஓடலை?”ன்னு தாத்தா வந்து அதைத் தூக்கி விட்டுடுவார். ‘வேலை நடக்குது, தொடாதீங்க’ன்னு ஒரு சிவப்பு அட்டை, கூட ஒரு டேப், ரெண்டும் பைக்குள்ளயே இருக்கணும். எம்.சி.பி. இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோட இருக்கும். அதனால டெஸ்டர் வெச்சுப் பார்த்த பிறகுதான் கை. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் கம்பம் வழியா கம்பி போற தெருவுல அலுமினிய ஏணியை எடுக்கவே விடாதே. ஃபைபர் ஏணி விலை அதிகம்தான், வாங்கு.

கத்திரி வெயில்ல மொட்டை மாடி வேலையை பதினோரு மணிக்கு முன்னாடி, நாலு மணிக்குப் பின்னாடின்னு பிரிச்சுப் போடு. 2024-ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுடுச்சு. உங்க மேனேஜர் “எல்லாருக்கும்தான் வெயில்”னு சொன்னா இதைச் சொல்லு. ஒருத்தன் பேச்சு குளறினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ, நிழல்ல படுக்க வெச்சு ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே 108-ஐக் கூப்பிடணும். நாய் கடிச்சா, சின்னக் கீறல்னாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி.

போன் போடுறது யாரு?

ஃபீல்டு ஆளுங்களுக்குப் பெரிய ஆபத்தே ரோடுதான். ‘வண்டி ஓட்டும்போது போன் பேசாதே’ன்னு போஸ்டர் ஒட்டிட்டு, “எங்க வந்துட்டிருக்கே?”ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போன் போடுறது நாமதானே! வண்டியில இருக்கிறவனுக்கு மெசேஜ் மட்டும். நின்ன பிறகு அவன் கூப்பிடுவான். தாம்பரத்துக்கு ஒரு கால், அடுத்து அடையாறு, மறுபடி பள்ளிக்கரணைன்னு அலைய விடாம ஏரியா வாரியா கால் பிரி. ஹெல்மெட்டை விட இது காப்பாத்தும்னு நான் நினைக்கிறேன்.

விபத்துன்னா முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல வந்தது. அதுல சேர்ந்த ஆஸ்பத்திரிகள் எவைன்னு உன் ஏரியாவுக்கு விசாரிச்சு எழுதி ஒட்டு. இ.எஸ்.ஐ. நம்பர் எல்லாருக்கும் வந்திருக்கா, வெண்டர் மூலமா வர்ற பசங்களுக்கும் வந்திருக்கான்னு பாரு. ‘அவன் நம்ம ஆள் இல்ல, வெண்டர் ஆள்’ங்கிற பேச்சு உன் ஆபீஸ்ல வேண்டாம். ஹார்னஸ் அவனுக்கும் அதேதான்.

சனிக்கிழமை டீ நேரத்துல, “இந்த வாரம் யாருக்கு மயிரிழையில தப்பிச்சுது?”ன்னு கேளு. ஏணி சறுக்கினது, ஷாக் லேசா அடிச்சது, எல்லாம் ஒரு நோட்டுல போகட்டும். பேர் எழுத வேண்டாம், இடமும் காரணமும் போதும். முதல் ரெண்டு வாரம் எல்லாரும் பல்லிளிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. சொன்னவனுக்கு மெமோ வரலைன்னு பார்த்த பிறகுதான் அடுத்தவன் பேசுவான். அந்த நோட்டைப் பார்த்து ஒண்ணையாவது அந்த மாசமே சரி பண்ணு.

இதுக்கெல்லாம் பணம் வேணும், மேனேஜர்கிட்ட மொத்தமாக் கேட்டா தலையை ஆட்டிட்டு மறந்துடுவார். ரிட்டர்ன் கால் இன்சென்டிவ், ஹார்னஸ், ஃபைபர் ஏணி, இந்த மூணை மட்டும் விலையோட எழுதி முதல்ல கையெழுத்து வாங்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றப்போ ஆபீஸ்ல இருக்கிற பழைய பெல்ட்டையும் எடுத்துட்டு வா. தையல் பிரிஞ்சிருந்தா இங்கயே வெட்டிப் போட்டுடலாம், இல்லைன்னா அதையே மறுபடி யாராவது மாட்டிக்கிட்டு ஏறுவாங்க.