பூ விரியும் கிழமைகள்

அன்பின் மருமகளுக்கு,

ஏறாவூருக்கு அப்பால் வாவியோரம் வாங்கிய மணற்காணியில் ஒட்டுக் கஜு வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். சூறாவளி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். பயம் நியாயமானது. 1978 நவம்பர் 23 இரவைப் பற்றிக் கேட்காமல் இங்கே யாரும் வளரவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் சூறாவளியில் போனது. திரும்ப நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருடம் பிடிக்கும்.

ஆனால் அப்படியொரு காற்று எப்போதாவதுதான் வரும். தை, மாசியில் கலையாமல் கிடக்கும் மப்பு அடிக்கடி வரும், உன் வருமானத்தில் கைவைக்கப்போவதும் அதுதான்.

மாரி ஓய்ந்து, இரவில் பனியும் பகலில் வெயிலுமாக நாள் திரும்பும்போது கஜு பூக்கும். ஒரே பூங்கொத்தில் ஆண்பூவும் இருபாற்பூவும் கலந்திருக்கும், ஆண்பூதான் அதிகம். காய் கட்டக்கூடிய கொஞ்சப் பூவுக்கும் ஈ, தேனீ, எறும்பு வந்துபோக வேண்டும். தூறல் நாளில் அவை வெளிக்கிடா. மகரந்தமும் நனைந்து வீணாகும். ஈரம் நாலைந்து நாள் நின்றால் பங்கசு பிடித்துப் பூங்கொத்து கருகும். தளிரையும் பூக்காம்பையும் குத்தி உறிஞ்சும் தேயிலைக் கொசுவும் சேர்ந்துகொண்டால் மிச்சமும் போய்விடும்.

2011ஐ நினைத்துப் பார். ஜனவரியில் ஒரு வெள்ளம், அது வடிந்து கொஞ்ச நாளில், பெப்ரவரித் தொடக்கத்தில் மறுபடி ஒன்று. எல்லோரும் வயலைப் பற்றித்தான் பேசினார்கள், பேசவும் வேண்டியதுதான். கஜு மரம் விழாமல் பச்சையாக நின்றதால் அங்கே நட்டம் இருந்தது வெளியில் யாருக்கும் தெரியவில்லை.

வானத்தை நீ திருத்த முடியாது. பூவைச் சீக்கிரம் காயவைக்க மட்டும் முடியும். கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடியாவது விடு. காணி வீணாகிறது என்று ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பறித்து முடிந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், உள்ளே அடைந்த கொப்புகளை வெட்டி வெளிச்சம் விழப்பண்ணு. பூ விரிந்த பிறகு பூச்சிமருந்து அடிக்காதே. கொசுவோடு தேனீயும் சாகும்.

காணியின் பள்ளப் பக்கத்தில் கஜு வேண்டாம். முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கையில் மழை கொட்டினால் வாவி ஏறி அங்கேதான் நிற்கும். கஜு வறட்சியைத் தாங்கும், வேரடியில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது.

எல்லையில் பத்துத் தென்னை வை. பாளை விரிந்து தேங்காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம். அந்தப் பாளையே உருவாகத் தொடங்குவதோ, அது விரிவதற்கும் இரண்டரை வருடத்துக்கு மேல் முந்தி. ஆகவே நல்ல மழை வருடத்தில் தேங்காய் குறைந்தால் பசளையைக் குறைசொல்லாதே, பழைய கோடைகளை எண்ணிப்பார். கோடையில் குரும்பட்டி கொட்டினால் அடியில் பொச்சைப் புதை. மணலில் ஈரத்தைப் பிடித்துவைக்க இங்கே அதைவிட மலிவான வழி இல்லை.

இன்னொன்று, இது பணக் கதை. மரம் பூத்ததும் குத்தகை கேட்டு வியாபாரி வருவார். பூவைப் பார்த்து ஒரு விலை பேசுவார். மழை கெடுத்தால் நட்டம் அவருக்கு, வானம் வெளுத்தால் இலாபமும் அவருக்கு. அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன், அவர் எடுப்பது உண்மையான ஆபத்து. கைக்காசு இல்லாத வருடத்தில் முழுத் தோட்டத்தையும் கொடுத்தாலும் வெட்கமில்லை. முடிந்தால் பாதியைக் கொடு, மீதியை நீயே பொறுக்கு. பழத்தோடு விழும் கொட்டையை அன்றன்றே எடுத்து வெயிலில் போடவேண்டும். சித்திரையின் பின்னேர இடிமழையில் நனைந்து கிடந்தால் கறுத்துவிடும், விலையும் இறங்கும்.

கன்றுகளை இப்போதே இறக்காதே. ஐப்பசி மழை பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா